என் கேரட்டுக்கு என்ன சீக்கு?

போன ஞாயிற்றுக்கிழமை எங்கள் ஊரே கூடி, என் கேரட்டுக்குச் சீக்கு என்று சொல்லிவிட்டது.

கேரட்டுக்கு மட்டுமா? உருளைக்கிழங்கு அழுகிவிட்டதாம். முட்டைகோஸில் கருகல் ஏறுகிறதாம். பீட்ரூட்டைப் பனி சுட்டுவிட்டதாம். பீன்ஸைப் பற்றி... வேண்டாம், விடுங்கள்.

இத்தனைக்கும் அவை தோட்டத்தில் விளைந்தவை அல்ல. காகிதத்தில், கலர் பென்சிலில், நான் உட்கார்ந்து வரைந்தவை!

முதலில் இருந்தே சொல்லிவிடுகிறேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும், நான் கொடைக்கானல் மேல்மலைக்காரி. கிளாவரைக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். இன்னும் கொஞ்சம் நடந்தால் தமிழ்நாடு முடிந்து கேரளா ஆரம்பித்துவிடும். பூண்டும் கேரட்டும் உருளையும்தான் பிழைப்பு. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய், டிகிரி வரை படித்த முதல் ஆள் நான். இதை நான் அடிக்கடி சொல்லிக்கொள்கிறேன் என்று ஒரு வாசகர் குறைபட்டு எழுதியிருந்தார். மன்னிக்கவும் ஐயா... இன்னும் சொல்வேன்.

இப்போது செண்பகனூரில் ஓர் அறை எடுத்துத் தங்கி, ஒரு பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருக்கிறேன். 

எங்கள் ஊர் அங்கன்வாடிக்கு இந்த வருடம் சுவர் பூசினார்கள். கான்ட்ராக்டர் யாரும் இல்லை. ஊர்க்காரர்களே மணல் சுமந்து, பூசி, வெள்ளையடித்த சுவர். நான் முதன்முதலாக வரிசையில் உட்கார்ந்து சுண்டல் தின்ற கட்டடம் அது.

அந்தக் காலத்தில் அங்கே ஒரு காய்கறி சார்ட் தொங்கும். கத்தரிக்காய், முருங்கைக்காய், வெண்டைக்காய், புடலங்காய். இதில் ஒன்றுகூட எங்கள் குளிருக்கு விளையாது. டீச்சர் குச்சியால் தொட, நாங்கள் "முருங்கைக்காய்" என்று கோரஸாகக் கத்துவோம். அது காயா, கயிறா என்று எனக்கு வெகுநாள் சந்தேகம். ஜன்னலுக்கு வெளியே கண்ணுக்கு எட்டிய தூரம் கேரட் நிற்கும். சார்ட்டில் அதற்கு இடம் இல்லை.

போன மாதம் அங்கன்வாடி ஜோதி டீச்சர் போன் செய்தார்.

"தனம், புது சார்ட் ஒண்ணு வந்திருக்கும்மா. பிளாஸ்டிக்ல, நல்லா பளபளன்னு இருக்கு. ஆனா அதே கத்தரிக்கா, அதே முருங்கக்கா. நீ வரைஞ்சு குடுத்தா நம்ம ஊர் காயையே மாட்டிரலாம். என்ன... ஊர்க்காரங்க பூசுன சுவரு. அவங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு மாட்டுவோம். சரின்னா உன் படம். இல்லன்னா பிளாஸ்டிக் சார்ட்."

கேட்கட்டுமே! என் படத்தை வேண்டாம் என்று சொல்ல எங்கள் ஊரில் ஆள் இருக்கிறதா என்ன? அப்படித்தான் நினைத்தேன். சிரிக்காதீர்கள்.

கேரட், உருளை, பீன்ஸ், முட்டைகோஸ், பீட்ரூட், பூண்டு என்று ஆறு படங்கள். ஒரு மாதம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் இதே வேலை. அந்தச் சுவரில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் முதன்முதலில் பார்க்கும் படம், அவர்கள் வீட்டு வாசலில் கிடக்கும் காயாக இருக்க வேண்டும். அதை நான் வரைந்திருக்க வேண்டும். இந்த ஆசைக்குப் பெருமை என்றும் பெயர் வைக்கலாம். எனக்கு ஆட்சேபணை இல்லை.

"கலர் பென்சிலில் நான் வரையும் காயெல்லாம் தட்டையாகவே இருக்கிறதே, என்ன செய்ய?" என்று திண்டுக்கல்லில் இருந்து ஒரு வாசகி கேட்டிருந்தார். அவருக்காகக் கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன். பின்னால் நடந்த கலாட்டா புரிவதற்கும் இது வேண்டும்.

காயை ஜன்னல் ஓரம் வையுங்கள். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எங்கே படவில்லை... பென்சிலைத் தொடுமுன் இதைப் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி வேலை அங்கேயே முடிந்துவிடும்.

பென்சிலை நன்றாகச் சீவிக்கொள்ளுங்கள். அழுத்தாதீர்கள். அழுத்தினால் காகிதத்தின் சொரசொரப்பு படுத்துவிடும், அப்புறம் மேலே எந்தக் கலரும் ஏறாது. தூங்கும் குழந்தையின் கன்னத்தைத் தடவுகிற மாதிரி ஒரு பூச்சு. அதன் மேல் இன்னொன்று. அதன் மேல் மற்றொன்று. கேரட் என்றால் முதலில் மஞ்சள், அப்புறம் ஆரஞ்சு, வெளிச்சம் குறைகிற பக்கம் செம்பழுப்பு. கோடுகளை நீளவாக்கில் இழுக்காமல், வளையல் போடுகிற மாதிரி குறுக்கே வளைத்துப் போடுங்கள். கேரட் தானாக உருண்டுவிடும்.

நல்ல இருட்டு வேண்டிய இடத்தில்? நீலம், கொஞ்சம் ஊதா!

கேரட்டில் ஊதாவா என்று என் மாணவிகளும் வாயைப் பிளப்பார்கள். கறுப்புப் பென்சிலைத் தொட்டீர்களோ, போச்சு... கேரட் அடுப்புக்கரி ஆகிவிடும். ஒவ்வொரு நிறத்துக்கும் எதிர் நிறம் ஒன்று உண்டு. ஆரஞ்சுக்கு நீலம், சிவப்புக்குப் பச்சை. எதிர் நிறத்தை மெல்லத் தடவினால் அடி நிறம் தானாக அடங்கும். பீட்ரூட்டின் இருட்டில் கரும்பச்சை. பீன்ஸின் இருட்டில் ஒரு இழை சிவப்பு.

மினுமினுப்பை வரையவே கூடாது. அந்த இடத்தில் காகிதத்தை அப்படியே விட்டுவிட வேண்டும். கடைசியில் வெள்ளைப் பென்சிலால் சமாளிக்கலாம் என்று நினைத்தால், அது மேலே ஏறாமல் அழுக்கு மாதிரி நிற்கும்.

முட்டைகோஸ் நரம்புக்கு ஒரு தந்திரம். தீர்ந்துபோன பேனா ரீஃபிலை எடுத்து, வெறும் காகிதத்தில் நரம்பு மாதிரி அழுத்திக் கீறிவிடுங்கள். மேலே பச்சை பூசும்போது அந்தப் பள்ளத்தில் கலர் இறங்காது. நரம்பு வெள்ளையாக எழுந்து நிற்கும். பார்க்கவே ஜோராக இருக்கும்.

என் ஆறு படத்திலும் எனக்கு மிகவும் பிடித்த இடம் எது தெரியுமா? கேரட்டின் தலை. ஆரஞ்சு மெல்ல மெல்ல மங்கி, பச்சையாக மாறும் இடம். எங்கே ஆரஞ்சு முடிந்தது, எங்கே பச்சை தொடங்கியது என்று நானே சொல்ல முடியாதபடி இழைத்திருந்தேன்.

பின்னணி வெறும் வெள்ளை. சின்னப் பிள்ளைகளுக்கான படம் இல்லையா? மேஜை, துணி, தரை என்று எதுவும் வேண்டாம், காய் மட்டும் பளிச்சென்று தெரியட்டும் என்று நானே முடிவு செய்தேன். கீழே கொட்டை எழுத்தில் 'எங்கள் ஊர்க் காய்கள்' என்று எழுதினேன்.

இதையெல்லாம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். இப்போது ஊருக்குப் போவோம்.

ஞாயிறு காலை வெள்ளனே தோட்டத்துக்குக் கிளம்புகிறவர்களை, போகிற வழியில் ஒரு எட்டு பார்த்துவிட்டுப் போங்கள் என்று டீச்சர் சொல்லி வைத்திருந்தார். வெளியே நல்ல மேகமூட்டம். எதிரே வருகிறவர் முகம் தெரியாது. ஈரம் பட்டுவிடக் கூடாது என்று அம்மா படங்களைத் தன் சேலைத் தலைப்பில் சுற்றி, கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக் கொண்டுவந்தார். தரையில் பாய் விரித்து ஆறையும் வரிசையாக வைத்தோம்.

பிள்ளைகளின் அம்மாக்கள் வந்தார்கள். சில ஆண்கள் தலையில் துண்டோடு வந்து ஓரமாக நின்றார்கள். அப்பா வந்தார். அப்பாவின் அக்கா பேச்சி அத்தை வந்தார்.

எங்கள் ஊரில் காயை அப்படியே மூட்டை கட்டிவிட மாட்டார்கள். குவியலைச் சுற்றி உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பொறுக்குவார்கள். நல்ல காய் வலப்பக்கம். கறை, கீறல், அழுகல், கோணல் எல்லாம் இடப்பக்கம்... அந்தக் குவியல் மாட்டுக்கு. ஒரு சீக்குக் காய் மூட்டையில் போய்விட்டால் மதுரை போய்ச் சேர்வதற்குள் பக்கத்துக் காயையும் கெடுத்துவிடும். அதனால் எங்கள் ஊர்க் கண்கள் எந்தக் காயைக் கண்டாலும் முதலில் கறையைத்தான் தேடும். நடக்கப் பழகிய நாளில் இருந்து பழக்கம்.

அத்தை பாயின் முன் உட்கார்ந்தார். படங்களை எடுத்தார். முன்னே பிடித்தார், சாய்த்துப் பார்த்தார். ஒன்றை வலப்பக்கம் வைத்தார். மற்ற ஐந்தையும் இடப்பக்கம் வைத்தார்.

இடப்பக்கம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியாதா?

"பூண்டு பரவால்ல. நல்லா பொகை குடிச்சிருக்கு. கெடாது" என்றார் அத்தை. அடுப்புக்கு மேலே கட்டித் தொங்கவிட்டு, புகை ஏறிப் பழுப்பான பூண்டுதான் எங்கள் பூண்டு. அதில் நான் எத்தனை நிழல் போட்டாலும் புகைக் கணக்கில் சேர்ந்துவிட்டது. தப்பித்தது.

"மத்ததுக்கு என்ன அத்தே?"

"ஏத்தா, இது எந்தத் தோட்டத்துக் கேரட்டு? தலை பூராம் பச்சை. மண்ணு அணைக்காம விட்டுட்டானுக போல. இந்தப் பக்கம் வேற கன்னிக் கறுத்துப்போய்க் கெடக்கு. சீக்குக் காயி."

"அது கன்னுனது இல்ல அத்தே. ஷேடிங்... நெழலு. வெளிச்சம் இந்தப் பக்கம் இருந்து வருது. அதனால அந்தப் பக்கம் இருட்டு."

"எந்தப் பக்கம் இருந்து?"

"இந்தா, இந்தப் பக்கம்."

என் விரல் காட்டிய திசையில் அத்தை திரும்பிப் பார்த்தார். அங்கே அங்கன்வாடியின் அரிசி டிரம் இருந்தது.

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

அதற்குள் எல்லோருக்கும் பொறுக்குகிற கை வந்துவிட்டது. படங்கள் கைமாறின. "உருளை இந்த எடத்துல கறுத்திருக்கு, அறுத்துப் பாத்தா உள்ள அழுகல்தான் இருக்கும்." "கோசு இடுக்குல பாருங்க, கருகல் ஏறுது." அப்பாகூட பீட்ரூட்டைப் பிடித்துப் பார்த்து, நான் பாடுபட்டு விட்டுவைத்த வெள்ளை மினுமினுப்பைக் கட்டைவிரலால் தேய்த்துவிட்டு, என் முகத்தைப் பார்க்காமலே முணுமுணுத்தார்: "பனி சுட்டுருச்சோ...?"

அப்பா! நீங்களுமா?

அம்மாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "எம் மக படிச்சுட்டு வந்து ஒரு மாசமா ஒக்காந்து போட்டது. ஒண்ணும் தெரியாமயா போட்டிருப்பா?"

"படிச்சவ போட்டா பச்சைத்தலை செவந்துருமா?" என்றார் அத்தை. அம்மாவும் அத்தையும் நாத்தனார் உறவு. இந்த வாக்குவாதம் எனக்கு முன்பே பிறந்தது, எனக்குப் பின்னும் இருக்கும்.

ஜோதி டீச்சர் சங்கடத்தோடு மூலையில் இருந்த பிளாஸ்டிக் சார்ட்டை எடுத்துப் பிரித்தார். பளபளவென்று கத்தரிக்காய். ஊதாக் கலரில் ஒரு பலூன்.

"இது சரியாம்மா?"

"சரி, மாட்டுங்க" என்றார்கள். ஒருவரும் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

எனக்கு வந்ததே ஆத்திரம்! "அத்தே, அந்தக் கத்தரிக்காயை மட்டும் ஏன் ஒண்ணுஞ்சொல்லல?"

"அது கீழ்நாட்டுல எங்கயோ வெளஞ்சது. நல்லாருந்தா என்ன, சொத்தையா இருந்தா நமக்கென்ன? நீ கீழ என்ன எழுதியிருக்க... எங்கள் ஊர்க் காய்னுதானே? ஜோதி வாசிச்சுக் காட்டுச்சு. நாளைக்கு நர்சம்மா வரும், ஆபீசரு வருவாரு, ஏவாரிகூட எட்டிப் பாப்பான். சீக்குக் காயை மாட்டி வச்சு இதான் எங்க ஊருதுன்னா, நம்ம சரக்கைப் பத்தி என்ன நெனைப்பாக? முதப் பறியில சாமிக்கு வைக்கிற காயில ஒரு கீறல் இருந்தா வைப்பமா? நம்ம புள்ளைக கண்ணுல மொத மொத படுறது இதுவா இருக்கணுமா?"

நான் எதற்காக வரைந்தேனோ, அதே காரணத்துக்காக வேண்டாம் என்கிறார்கள்.

வீம்புக்கு ஒரு துண்டுக் காகிதத்தை எடுத்தேன். பச்சைப் பென்சிலை அழுத்திப் பிடித்து, நிழலும் இல்லாமல் மினுமினுப்பும் இல்லாமல் ஒரு பீன்ஸ் வரைந்து நீட்டினேன். "இப்பிடி வேணுமா? இதுல கறையே இல்ல, போதுமா?"

அத்தை வாங்கிப் பார்த்தார். "என்னடி இது, சடையில கட்டுற ரிப்பனா?"

இந்த முறை அம்மாவும் சேர்ந்து சிரித்துவிட்டார். நிழல் போட்டால் சீக்கு. போடாவிட்டால் ரிப்பன். நான் எங்கே போவேன்?

டீச்சர் ஆணியும் சுத்தியலும் எடுத்துவிட்டார். சார்ட்டின் மேல் பட்டியைச் சுவரோடு சேர்த்துப் பிடித்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. படங்களைப் பொறுக்கி அடுக்க ஆரம்பித்தேன்.

அத்தைக்கு மனசு கேட்கவில்லை போலிருக்கிறது. கோபித்துக்கொண்டு போகிற பெண்ணுக்குச் சமாதானம் சொல்கிற அத்தை இல்லை அவர். தான் சொன்னது சரிதான் என்று நிரூபித்துவிட்டு அனுப்புகிற அத்தை. திங்கட்கிழமை அங்கன்வாடிச் சாம்பாருக்காக அம்மா முந்தின நாளே கொண்டுவந்து வைத்திருந்த கூடையில் இருந்து ஓர் உருளையை எடுத்து, வாசல் பக்கம் தரையில் வைத்தார். அப்போதுதான் மேகம் விலகி, வாசல் வழியாக வெயில் சாய்வாக உள்ளே விழ ஆரம்பித்திருந்தது.

"இங்க வா. இதுவும் உருளைதான். கறுப்பு எங்கயாச்சும் இருக்கா, பாரு."

பார்த்தேன். பாதி உருளை கறுப்பாக இருந்தது.

"இருக்கே அத்தே. இந்தா... இந்தப் பக்கம் பூராவும்."

"அது வெயிலு படாத எடம்டி, கூறுகெட்டவளே! கீழ நெழலு விழுந்து கெடக்குல்ல, கண்ணு தெரியல?"

சொல்லிவிட்டு அத்தை எழுந்து, சேலையை உதறிச் செருகிக்கொண்டார். அவரைப் பொறுத்தவரை விஷயம் முடிந்துவிட்டது.

எனக்கு அங்கேதான் ஆரம்பித்தது.

கீழே நிழல் விழுந்து கிடக்கிறது... என் உருளையைக் கையில் எடுத்துப் பார்த்தேன். அதன் கீழே என்ன கிடக்கிறது? ஒன்றுமில்லை. வெள்ளைக் காகிதம். தரை இல்லாமல், அந்தரத்தில் தொங்குகிறது என் உருளை! அந்தரத்தில் தொங்குகிற ஒன்றின் மேல் இருட்டு ஏன் வந்தது என்று பார்க்கிறவருக்கு எப்படித் தெரியும்? கறை என்றுதானே நினைப்பார்? தரையில் விழும் நிழல்தான் சாட்சி. 'இது அழுகல் இல்லை, வெளிச்சம் அந்தப் பக்கம் இருக்கிறது' என்று அதுதான் சொல்ல வேண்டும். 'காயை வரைந்தால் அதன் நிழலையும் தரையில் வரையுங்கள்' என்று வகுப்பில் வாரம் தவறாமல் கத்துகிறவள் நான். பளிச்சென்று இருக்கட்டும் என்று நானே அந்தச் சாட்சியை வெளியே அனுப்பியிருக்கிறேன்.

"டீச்சர், ஒரு நிமிஷம்! ஆணி அடிக்காதீங்க!"

தரையில் குப்புறப் படுத்துக்கொண்டேன். சிமெண்டுத் தரை ஐஸ் மாதிரி இருந்தது. நிஜ உருளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பென்சில் டப்பாவைத் திறந்தேன். பழுப்பு, ஊதா, சாம்பல் நீலம்.

வாசகியே, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். காய் தரையைத் தொடுகிற இடத்தில்தான் நிழல் மிகவும் இருட்டு. மெல்லிய கோடு மாதிரி, நல்ல அடர்த்தியாக இருக்கும். அங்கிருந்து விலக விலகப் பென்சில் லேசாக வேண்டும். ஓரத்தில் கோடு தெரியக் கூடாது, காகிதத்தோடு கரைந்துவிட வேண்டும். நிழலுக்குள் அந்தந்தக் காயின் நிறமும் துளி இருக்கட்டும். பீட்ரூட் நிழலில் கொஞ்சம் சிவப்பு, பீன்ஸ் நிழலில் கொஞ்சம் பச்சை. நிழல் எப்போதும் வெளிச்சத்துக்கு எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கட்டும்.

"வெரசா போகணும், வெயில் ஏறுது" என்றார் ஒருவர். சொன்னாரே தவிர நகரவில்லை. 

"தோட்டம் எங்கயும் ஓடிறாது" என்றார் அத்தை. கிளம்பியவர், என் தலைமாட்டில் மறுபடி உட்கார்ந்திருந்தார். அவர் நிழல் காகிதத்தின் மேல் விழுந்தது. "வெளிச்சத்தை மறைக்கிறீங்க அத்தே" என்றேன். "ஆமா, இப்ப நான்தான் ஒனக்குச் சீக்கு" என்றபடி நகர்ந்துகொண்டார்.

உருளையை முடித்து நீட்டினேன்.

அத்தை வாங்கினார். கையை நீட்டி எட்டப் பிடித்தார். கிட்டே கொண்டுவந்தார். தரையில் இருந்த நிஜ உருளையைப் பார்த்தார். மறுபடி படத்தைப் பார்த்தார். காகிதத்தில் அந்த நிழல் விழுந்த இடத்தை விரலால் ஒரு தட்டு தட்டினார், தூசி ஒட்டியிருந்தால் உதிரட்டும் என்பது மாதிரி. உதிரவில்லை.

உருளையை வலப்பக்கம் வைத்தார்.

அடுத்து முட்டைகோஸ். வலப்பக்கம். "நரம்பு நல்லா ஓடுது" என்று ஒரு குரல். பீன்ஸ், வலப்பக்கம். பீட்ரூட்டை அப்பாவே வாங்கிப் பார்த்தார். "பனி இல்ல. மினுக்குது!" என்றார், ஏதோ அவரே கண்டுபிடித்த மாதிரி.

கடைசியாக என் செல்லக் கேரட். நிழலை இன்னும் கவனமாகப் போட்டேன். நீட்டினேன்.

இடப்பக்கம்.

"அத்தே! நெழலு இருக்குல்ல?"

"நெழலு சரி. கன்னுன மாதிரி தெரியல இப்ப. ஆனா தலை பச்சைதானே? நீயே சொல்லு. அது நெழலா?"

படத்தைக் குனிந்து பார்த்தேன். நிழல் இல்லை. மண் அணைக்காமல் வெயிலில் தலையை நீட்டிக்கொண்டிருந்த கேரட், பச்சை ஏறிவிட்டது. கசக்கும். ஏவாரி கழித்துவிடுவான். இது தெரியாதவளா நான்? ஆனால் ஆரஞ்சும் பச்சையும் கலக்கிற அழகில் மயங்கி, ஒரு கழிசல் காயை ஒரு மாதம் கொஞ்சியிருக்கிறேன்.

"எங்க புடிச்ச இந்தக் கேரட்டை?"

"செண்பகனூர்ல..."

"செண்பகனூர்ல யாரு தோட்டம்?"

"கடையில... வாங்கினேன்."

அவ்வளவுதான். அங்கன்வாடியின் புதுப் பூச்சு உதிர்ந்துவிடுமோ என்று பயப்படும் அளவுக்குச் சிரித்தார்கள்.

"ஏலே முருகேசா!" என்று அப்பாவைக் கூப்பிட்டார் அத்தை. "ஒம் மக கேரட்ட கடையில காசு குடுத்து வாங்கியிருக்காளாம்லே! நம்ம வீட்டுப் புள்ள!" அப்பா துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். சிரித்துச் சிரித்து.

ஜோதி டீச்சர் ஆணி அடித்தார். ஐந்து படங்கள் சுவரில் ஏறின. ஆறாவது ஆணி மட்டும் வெறுமனே. பிளாஸ்டிக் சார்ட் சுருண்டு அரிசி டிரம்முக்குப் பின்னால் போனது. தோட்டத்துக்குப் போகிறவர்கள் போகிற போக்கில் தலையைச் சாய்த்து, கண்ணைச் சுருக்கி, இன்னொரு முறை கறை தேடிவிட்டுப் போனார்கள்.

திரும்பி வரும் பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். 

என் படங்களை 'சூப்பர்', 'அழகு', 'வாவ்' என்று சொல்பவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். எல்லோருக்கும் நன்றி. ஆனால் ஒரு படத்தை வாங்கி, நிஜக் காயைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்து, அறுத்தால் உள்ளே எப்படி இருக்கும் என்று கவலைப்பட்டவர்கள் இவர்கள்தான். அழுகல் என்று சொல்ல வேண்டும் என்றால், முதலில் அது உருளைக்கிழங்கு என்று நம்ப வேண்டுமே! ஒரு டிராயிங் டீச்சருக்கு இதைவிடப் பெரிய மரியாதை யார் கொடுப்பார்கள்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் படிப்பதற்காகக் கொடைக்கானல் ஹாஸ்டலுக்கு வந்தபோது வீட்டில் என் பங்குக் களையெடுப்பும், குளிர்த் தண்ணீரில் கேரட் கழுவுகிற என் முறையும் யாருக்குப் போயின? பேச்சி அத்தைக்கு. தன் தோட்டத்து வேலையை முடித்துவிட்டு எங்கள் தோட்டத்துக்கு வருவார். ஒரு நாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை. மற்ற எல்லாவற்றையும் சொல்லிக் காட்டுவார்!

குடும்பத்தில் படித்த முதல் ஆள் நான் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொல்கிறேன். இனியும் சொல்வேன். ஆனால் என் மேல் விழுகிற வெளிச்சத்தை மட்டும் வரைந்துவிட்டுத் தரையை விட்டுவிட்டால், நானும் அந்த உருளை மாதிரிதான்... அந்தரத்தில் தொங்குவேன்.

பஸ் கிளம்புமுன் அத்தை ஒரு பை நிறையக் கேரட் கொண்டுவந்து ஜன்னல் வழியாக என் மடியில் போட்டார். அவர் தோட்டத்துக் கேரட். மண்ணோடு பிடுங்கி, கழுவி, அவரே பொறுக்கியது. "ஒண்ணை வரை. மிச்சத்தைத் தின்னு" என்பது உத்தரவு.

இதோ, என் மேஜையில் ஜன்னல் ஓரம் அதில் ஒன்று படுத்திருக்கிறது. தலை முதல் நுனி வரை ஒரே ஆரஞ்சு. பரேடில் நிற்கும் போலீஸ்காரர் மாதிரி விறைப்பு. ஒரு கறை, ஒரு கோணல், ஒரு துளி பச்சை... ஊஹூம். வரைய இதைவிட போரான கேரட்டை நான் பார்த்ததில்லை. ஆனால் சாமிக்கு வைக்கிற காய். பயபக்தியோடு வரைந்துகொண்டிருக்கிறேன்.

நேற்று அத்தையிடம் இருந்து போன்.

"கேரட்டு படத்துல வந்துருச்சா?"

"இன்னும் இல்ல அத்தே. நெழலு மட்டும் வந்திருக்கு. இந்தத் தடவை தரையில இருந்து ஆரம்பிச்சேன்."

அத்தை சொன்னார்:

"நெழலு வந்துருச்சுல்ல... காயி எங்க போயிரும்?"